மணலில் எழுதிய பிள்ளைகள்



ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் தோல் தொழிற்சாலையில் புதிதாய்ச் சேரும் பையனுக்கு வேலை பழக்குகிறவன் யார்? பெரும்பாலும் அவனுக்கு ஒரு வருஷம் முன்னால் சேர்ந்தவன்தான். இதே வழக்கத்தை நம் நாட்டுத் திண்ணைப் பள்ளியில் கண்டு, சீமையெங்கும் பரப்பிய ஒரு பாதிரியாரைப் பற்றி இவ்வாரம் அறிவோம். அவர் நம் சபையைச் சேர்ந்தவரல்லர். இங்கிலாந்துத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றவர்.

ஆண்ட்ரூ பெல் என்பவர் 1753-ல் ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரிலே பிறந்தார். 1787-ல் சென்னைக்கு வந்தார். வந்தவர் பட்டாளத்துப் பாதிரி உத்தியோகங்கள் பலவற்றை ஒருங்கே வைத்துக்கொண்டார். வேலை சொற்பம், வரும்படி பெரிது. ஊர் திரும்பும்போது 25,000 பவுனுக்கு மேல் சேர்த்திருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! ஆனால் ஒரு வேலைக்கு மட்டும் சம்பளம் வேண்டாமென்றார். 1789-ல் எழும்பூரில் ஏற்பட்ட, வெள்ளைக்காரச் சிப்பாய்களின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதிப் பள்ளியை நடத்தும் வேலை அது.

அங்கிருந்த உபாத்தியாயர்களோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. அப்படியிருக்கையில், தமிழ்ப் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதை ஒருநாள் கண்டார். தம் பள்ளியிலும் சிறு வகுப்புக்கு அப்படியே சொல்லித்தரச் சொன்னார். உபாத்தியாயர் அது நடவாதென்றார். உடனே பெல் அந்த வகுப்பை ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் ஒப்புவித்தார். ஒரு சாதாரணச் சிப்பாயின் மகன் அவன். பெரியவர் முடியாதென்றதைச் சிறுவன் செய்து காட்டினான்! பிறகு மற்ற வகுப்புகளுக்கும் பையன்களே ஆசிரியராயினர். நம் பாட்டன்மார் அப்படிப்பட்ட பையனைச் சட்டாம்பிள்ளை என்பார்கள்.

1796-ல் பெல் கப்பலேறினார். மறு வருஷமே லண்டனில் இதைப்பற்றிப் புத்தகம் வெளியிட்டார். 1811-ல் அவர் சபையார் ஏழைப் பிள்ளைகளின் கல்விக்காகத் தேசிய சங்கம் நிறுவ, 'மெட்ராஸ் முறை' ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் போயிற்று. ஒரே ஆசிரியரைக்கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளை நடத்தலாம், செலவு குறைவு. ஆனால் சட்டாம்பிள்ளைக்குத் தெரிந்தது எவ்வளவோ, அவ்வளவுதான் படிப்பு. மனப்பாடமே மிஞ்சியது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் அவசியமில்லை, வேதம் வாசிக்கத் தெரிந்தால் போதும் என்று இதே பெல் பிற்பாடு எழுதினார். நமக்கு இது கசக்கிறது. கூலிச் சீட்டில் எத்தனை நாள், எவ்வளவு பிடித்தம் என்று பார்க்கத் தெரியாமல் நின்ற தகப்பன்மாரின் பிள்ளைகள் அல்லவா நாம்? மணலில் எழுதின குழந்தைகளிடம் பாடம் கற்றவர், எழுத்தே வேண்டாமென்றது என்ன நியாயம்?

1832-ல் அவர் இறந்தார். அடக்கம் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில். சேர்த்த பணத்தின் பெரும்பகுதியைப் பள்ளிகளுக்கே எழுதிவைத்திருந்தார். அதில் எழுந்த பள்ளியொன்று அவர் பிறந்த ஊரில் இன்றும் நடக்கிறது. அதன் பெயர் மெட்ராஸ் கல்லூரி.