முப்பத்தெட்டு ஓட்டு

செங்கோட்டை
ஆடி 5

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இங்கே சாரல் விட்டபாடில்லை, துவைத்த வேட்டி மூன்று நாளாகக் கொடியிலேயே கிடக்கிறது.

விடுதி மெஸ் செயலாளராகிவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். போனில் உன் குரலில்தான் சந்தோஷத்தைக் காணோம். 90 பேரில் உனக்கு 38, மற்ற இருவருக்கு 30, 22. "52 பேருக்குப் பிடிக்காத செயலாளர்" என்று சாப்பாட்டு வரிசையில் ஒருவன் சொன்னானாமே. கணக்கு சரி, 'பிடிக்காத' என்பது அவனாகச் சேர்த்தது. அந்த 52 பேரில் எத்தனை பேர் உன்னை இரண்டாவதாக மனதில் வைத்திருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லையே.

2021இல் தென்காசித் தொகுதியில் சட்டமன்றத் தேர்தல் 370 ஓட்டு வித்தியாசத்தில் முடிவானது. முதல் இருவருமே பாதியைத் தொடவில்லை. மற்றவர்களுக்குப் போட்டவர்களிடம் 'இந்த இருவரில் யார்?' என்று கேட்க நம் சட்டமன்றத் தேர்தலில் வழியில்லை. குடியரசுத் தலைவர் தேர்தலில் உண்டு. 1969இல் வி.வி.கிரி முதல் சுற்றில் பெற்ற வாக்கு மதிப்பு 4,01,515, தேவைப்பட்டது 4,18,169. இரண்டாம் விருப்பங்களை எண்ணித்தான் 4,20,077க்கு வந்து ஜெயித்தார்.

சட்டம் இருந்தால் போதும் என்று நினைத்துவிடாதே. 2024 செப்டம்பரில் இலங்கை அதிபர் தேர்தலில் அநுரவுக்கு 42.31 சதவீதம், சஜித்துக்கு 32.76. பாதியைத் தாண்ட ஆளில்லாததால், அந்த நாட்டில் முதல் தடவையாக விருப்பு வாக்குகளை எண்ணினார்கள். போட்டியிலிருந்து வெளியேறிய மற்றவர்களுக்கு விழுந்த சீட்டு 33 லட்சத்துக்கு மேல். அதில் இந்த இருவருக்கும் சேர்த்துத் தேறியது ஏறக்குறைய 2 லட்சத்து 73 ஆயிரம்தான்! மீதிச் சீட்டுகளில் இவர்கள் பெயருக்கு எதிரே ஒன்றுமில்லை. அநுர கடைசியில் பெற்ற 57,40,179 வாக்கும் மொத்தச் செல்லுபடி வாக்கான 1.33 கோடியில் பாதியாகவில்லை.

அதனால் உங்களுக்கு 1, 2, 3 என்று விருப்பத்துக்கு நம்பர் போடும் முறை வேண்டாம். பிரான்ஸில் அதிபர் தேர்தலுக்குச் செய்வதுபோல முதல் இருவரை நிறுத்தி மறுபடி ஓட்டெடுங்கள். அங்கே நடுவில் இரண்டு வாரம். உங்களுக்கு ஒரு ராத்திரி போதும். அந்த ராத்திரியில் 38 வாங்கினவன், 22 வாங்கினவனின் அறைக் கதவைத் தட்டியே தீரவேண்டும். பரோட்டா வாங்கிக் கொடுத்துப் பேரமும் நடக்கும், நடக்கட்டும். பேசாமலே ஜெயிப்பதைவிட அது மேல். அடுத்த வருஷத்துக்கு இதை விதியாக எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கு. நீயே மறுபடி நிற்பதாக இருந்தால் வேறு யாரையாவது எழுதச் சொல்.

இந்த வருஷம் விதி இல்லாவிட்டால் என்ன, கதவு இருக்கிறதே. இன்றைக்கே போய்த் தட்டு. அவ்வளவு நேரம் போனில் பேசினாய், அந்த 22 பேரும் மெஸ்ஸில் என்ன மாற வேண்டும் என்று கேட்டார்கள் என்பதை மட்டும் நீ சொல்லவே இல்லை.

அன்புடன்,
மாமா