பழைய கணினியும் வணிகரின் பொறுப்பும்

கீழ்க்காணும் கட்டுரையை வாசித்திடுக.

பழைய நாளிதழ், பழைய இரும்பு, பழுதான மின்விசிறி என எதையும் வாங்கிக்கொள்ளும் லாரியின் ஒலிபெருக்கிக் குரலை நாம் அனைவரும் கேட்டிருப்போம். வீட்டுப் பகுதிகளில் மட்டுமன்றிக் கடைத்தெருக்களிலும் அந்த லாரி வலம் வருகிறது. கோத்தா திங்கி பட்டணத்தில் ஒரு கணக்கர் அலுவலகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் உரிமையாளர் பத்து ஆண்டுகள் உழைத்த 8 கணினிகளை மாற்றிப் புதியவை வாங்குகிறார். பழையவற்றை லாரியில் ஏற்றிவிட்டால் கொஞ்சம் பணம் கிடைக்கும், இடமும் காலியாகும். ஆனால், அந்த லாரியில் கணினிகள் மட்டும்தானா ஏறுகின்றன?

அக்கணினிகளில் வாடிக்கையாளர்களின் அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண், சம்பளம், வருமான வரி விவரம் ஆகியன உள்ளன. “எல்லாக் கோப்புகளையும் அழித்துவிட்டோமே!” என்று உரிமையாளர் எண்ணலாம். உண்மை வேறு. நூலகத்தின் பட்டியலிலிருந்து ஒரு நூலின் பெயரை நீக்கினால், நூல் அலமாரியை விட்டு மறைந்துவிடுமா? கோப்பை அழிப்பதும் அத்தகையதே. வன்தட்டில் கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பு மட்டுமே நீங்குகிறது. வேறு தகவல் அதன்மேல் எழுதப்படும்வரை, எளிதில் கிடைக்கும் மென்பொருளைக்கொண்டே அக்கோப்பை மீட்டெடுக்க முடியும்.

இத்தவற்றை இழைத்தவர்களுள் பெரிய நிறுவனங்களும் உண்டு. அமெரிக்காவின் மோர்கன் ஸ்டான்லி நிதி நிறுவனம், தன் பழைய வன்தட்டுகளையும் கணினிச் சேவையகங்களையும் அப்புறப்படுத்தும் பணியைத் தரவு அழிப்பில் அனுபவமில்லாத ஓர் இடமாற்று நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அவற்றுள் சில, வாடிக்கையாளர் தகவல்கள் நீக்கப்படாமலேயே இணைய ஏலத்தில் விற்பனைக்கு வந்தன. ஏறத்தாழ 15 மில்லியன் வாடிக்கையாளர்களின் தகவல்களைப் பாதுகாக்கத் தவறியதாகக் குற்றம் சாட்டப்பட்ட அந்நிறுவனம், 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் 35 மில்லியன் அமெரிக்க டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது. வேலையைப் பிறரிடம் கொடுத்தாலும் பொறுப்பைக் கொடுத்துவிட முடியாது என்பதே இந்நிகழ்வு உணர்த்தும் பாடம்.

நம் நாட்டில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. தேவை முடிந்த தகவலை நிரந்தரமாக அழிக்க வேண்டியது வணிகரின் கடமை என இச்சட்டம் கூறுகிறது. அண்மைய திருத்தத்தின்படி, சட்டத்தின் கோட்பாடுகளை மீறுவோருக்கு ஒரு மில்லியன் ரிங்கிட் வரை தண்டம் விதிக்கப்படலாம்.

அவ்வாறெனில், தகவலை முறையாக அழிப்பது எப்படி? சுழலும் வன்தட்டாயின், அது முழுவதும் பொருளற்ற தரவுகளை எழுதி, பழையவற்றை மூடும் மென்பொருளைப் பயன்படுத்தலாம். எஸ்.எஸ்.டி. எனப்படும் சில்லு வகைச் சேமிப்பகத்திற்கு இம்முறை போதாது. அச்சில்லு, எழுதும் இடத்தைத் தானே மாற்றிக்கொண்டிருப்பதால் பழைய தரவு எங்கேனும் எஞ்சியிருக்கும். ஆகவே, தயாரிப்பாளர் அதனுள் அமைத்துள்ள அழிப்புக் கட்டளையையே பயன்படுத்த வேண்டும். இயங்காத சேமிப்பகத்தை இயந்திரத்திலிட்டுத் துண்டுதுண்டாக நொறுக்குவதே பாதுகாப்பானது. நகலெடுக்கும் இயந்திரங்கள் பலவற்றினுள்ளும் வன்தட்டு உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை.

தகவலை அழித்துவிட்டால் கடமை முடிந்துவிடுமா? இல்லை. கணினியின் பற்றவைப்பில் ஈயமும், பழைய திரைகளின் விளக்குகளில் பாதரசமும் கலந்திருக்கின்றன. செம்புக்காகக் கம்பிகளை எரிக்கும்போது நச்சுப்புகை எழுகிறது. திறந்த வெளியில் வீசப்பட்ட உதிரிபாகங்களின் நச்சு, மழைநீரோடு மண்ணிலும் ஆற்றிலும் கலக்கக்கூடும். கோத்தா திங்கியின் நடுவே ஓடும் ஜொகூர் ஆறு, ஜொகூர் மக்களின் தாகத்தைத் தீர்க்கிறது. 1962ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி சிங்கப்பூரும் இவ்வாற்றிலிருந்தே நீரைப் பெறுகிறது. ஓர் ஊரார் வீசும் நஞ்சு, அவ்வூரோடு நின்றுவிடுவதில்லை.

சிலர் பழைய கணினிகளைக் கிடங்கில் அடுக்கி வைத்துவிட்டு மறந்துவிடுவர். அதுவும் தீர்வாகாது. 2006ஆம் ஆண்டு டிசம்பரிலும் 2007ஆம் ஆண்டு ஜனவரியிலும் கோத்தா திங்கியை வெள்ளம் சூழ்ந்ததை இவ்வூர் மறக்கவில்லை. கீழ்த்தளக் கிடங்கில் குவிந்த பொருள்கள் அத்தகைய வெள்ளத்தில் எங்குச் சென்று சேரும் என்று எவரால் கூற முடியும்? வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பர் பெரியோர்.

இதனாலேயே, 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு ஒழுங்குமுறை, மின்னியல் கழிவை எஸ்.டபிள்யூ. 110 என்னும் குறியீட்டின்கீழ்ச் சேர்த்துள்ளது. இத்தகைய கழிவை 180 நாள்களுக்கு மேல் தேக்கி வைக்கக்கூடாது. சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்ற நிலையத்திடமே ஒப்படைக்க வேண்டும். அங்கு நஞ்சு பிரிக்கப்படுகிறது. செம்பு, வெள்ளி, தங்கம் போன்ற உலோகங்கள் மீட்கப்படுகின்றன. உலகில் 2022ஆம் ஆண்டு உருவான 62 மில்லியன் டன் மின்னியல் கழிவில் 22.3 விழுக்காடு மட்டுமே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது.

நம் கணக்கர் இப்போது என்ன செய்வார்? முதலில் ஒவ்வொரு கணினியின் தொடர் எண்ணையும் பட்டியலிடுவார். தேவையான கோப்புகளைப் படியெடுத்தபின், சேமிப்பகங்களை முறையாக அழிப்பார். இன்னும் இயங்கும் கணினிகளைப் பிறர் பயன்பாட்டிற்கு வழங்குவார். எஞ்சியவற்றை உரிமம் பெற்ற நிலையத்திடம் ஒப்படைத்து, அழிப்புச் சான்றிதழைப் பெற்றுத் தம் பட்டியலோடு ஒப்பிடுவார். எட்டு எண்களும் ஒத்துப்போகும்போதுதான் அவரது பொறுப்பு நிறைவடையும். லாரி தரும் பணத்தை அவர் இழக்கலாம். வாடிக்கையாளர் வைத்த நம்பிக்கையை இழக்கமாட்டார்.

அருஞ்சொற்பொருள்
வன்தட்டு – கணினியில் தகவல்களைச் சேமிக்கும் தட்டு
அப்புறப்படுத்துதல் – அகற்றுதல்
எஞ்சிய – மீதமுள்ள
உரிமம் – அரசு வழங்கும் அனுமதி

கருத்துணர் கேள்விகள்
1. கோப்பை அழிப்பது எதனோடு ஒப்பிடப்பட்டுள்ளது? ஏன்?
2. மோர்கன் ஸ்டான்லி நிறுவனம் செய்த தவறு யாது?
3. பழைய கணினிகளைக் கிடங்கில் வைத்திருப்பது ஏன் தீர்வாகாது?
4. ‘வேலையைப் பிறரிடம் கொடுத்தாலும் பொறுப்பைக் கொடுத்துவிட முடியாது.’ இக்கூற்றை உம் சொந்த அனுபவத்தோடு தொடர்புபடுத்தி விளக்குக.
5. உம் பள்ளியில் பயன்படாத மின்னியல் பொருள்களைப் பட்டியலிட்டு, அவற்றை அகற்றும் முறை குறித்துக் குழுவில் கலந்துரையாடுக.