எந்த ‘ஒய்’ என்று பாருங்கள்

மேலப்பாளையத்தில் படித்து முடித்துவிட்டுச் சென்னைக்கோ துபாய்க்கோ கிளம்பும் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனித்தால், பெரும்பாலும் ஒரு மூன்றெழுத்துச் சொல்லில்தான்: ‘ஒய்’. “ஒய் இஸ் திஸ் பெண்டிங்?” என்று மேலாளர் கேட்டதும் முகம் வாடிப்போகிறது, தேவையில்லாத விளக்கமெல்லாம் வந்து விழுகிறது. அதே சொல்லை நாம் கேட்டாலோ எதிரில் இருப்பவருக்குக் கோபம் வருகிறது. சம்பளமும் பதவி உயர்வும் சிலநேரம் இந்தச் சொல்லைக் கையாளும் விதத்தில் இருக்கின்றன. ஆகவே இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அதன் பிறப்பு. பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்கள் நம் தமிழைப்போலவே வேற்றுமை ஏற்று வடிவம் மாறின. ‘வாட்’ என்ற சொல் அன்றைக்கு ‘ஹ்வாட்’ என்று இருந்தது. கருவிப் பொருளில் அது ‘ஹ்வீ’ என்பதுபோல் மாறியது. அந்த ‘ஹ்வீ’தான் இன்றைய ‘ஒய்’. நம் இலக்கணத்தில் இது மூன்றாம் வேற்றுமை: ‘எது’வோடு ‘ஆல்’ சேர்ந்தால் ‘எதனால்’. ‘ஹவ்’வும் அதே வேரில் பிறந்த சொல்தான்.

இதில் வேலைக்கு ஆகிற சங்கதி ஒன்று இருக்கிறது. “ஏம்ல இப்படிச் செஞ்ச?” என்றால் கேள்வி ஆளைப் பிடிக்கிறது. “எதனால இப்படி ஆச்சு?” என்றால் காரியத்தைப் பிடிக்கிறது. அலுவலகத்தில் யார் ‘ஒய்’ என்று கேட்டாலும் மனதுக்குள் ‘எதனால்’ என்றே கேட்டுக்கொள்ளுங்கள். பதில் தானாகக் காரியத்தைப் பற்றியதாகிவிடும்.

அடுத்து, எல்லா ‘ஒய்’யும் ஒன்றல்ல. பத்தாம் வகுப்பில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த வினா வகைகளை இப்போது தூசி தட்டி எடுங்கள். பவணந்தி முனிவரின் நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் எழுதிய இந்தப் பகுப்பைவிடத் தெளிவான அலுவலகக் கையேடு எனக்குத் தெரிந்து இல்லை.

“ஒய் இஸ் திஸ் பெண்டிங்?” பெரும்பாலும் ஏவல்வினா. ‘சீக்கிரம் முடி’ என்பதுதான் அதன் பொருள். அதற்குக் காரணம் அடுக்காதீர்கள். “மூன்று மணிக்குள் அனுப்பிவிடுகிறேன்” என்று நேரம் சொல்லுங்கள். “ஒய் டோன்ட் யூ ஜாயின் அஸ் ஃபார் லஞ்ச்?” என்பது அழைப்பு. நான் ஏன் வரவில்லை தெரியுமா என்று அதற்கு விளக்கம் தொடங்கக் கூடாது. “ஒய் நாட்?” என்றால் அநேகமாகச் சம்மதம்.

மீட்டிங்கில், ஒரு வேலை கெட்டுப்போன பிறகு கேட்கும் ‘ஒய்’ அறியாவினா. கேட்பவருக்கு உண்மையிலேயே காரணம் தெரிய வேண்டும். இங்கேதான் நிதானமாக நின்று பதில் சொல்ல வேண்டும். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு ஒரு நல்ல கதை உண்டு. ஜப்பானில் சகிச்சி டொயோடா என்பவர் தறி செய்பவர். 1924இல் வந்த அவருடைய தானியங்கித் தறி, இழை அறுந்தால் தானே நின்றுவிடும். அந்தத் தறிக் குடும்பத்திலிருந்துதான் பின்னால் டொயோடா கார் வந்தது. அந்தக் கார் ஆலையில் தைச்சி ஓனோ என்ற பொறியாளர் ‘ஐந்து முறை ஏன்’ என்ற வழக்கத்தை நிலைநிறுத்தினார். 1978இல் வெளியான தம் புத்தகத்தில் அவர் தரும் உதாரணம் இது. இயந்திரம் ஏன் நின்றது? பாரம் கூடி ஃபியூஸ் போய்விட்டது. ஏன் பாரம் கூடியது? பேரிங்கில் எண்ணெய் போதவில்லை. ஏன் போதவில்லை? பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன் இழுக்கவில்லை? அதன் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் இரும்புத் தூள் உள்ளே போய்விட்டது. முதல் பதிலோடு நின்றிருந்தால் ஃபியூஸை மட்டும் மாற்றியிருப்பார்கள், சில நாளில் மறுபடியும் நின்றிருக்கும். ஐந்து கேள்வியிலும் ‘யார்’ என்ற சொல்லே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் அறிக்கையிலும் அப்படியே எழுதுங்கள்.

நாம் கேட்பவராக இருக்கும்போது? மேலே இருப்பவரிடம் வெறும் ‘ஒய்’ வேண்டாம்; அதை ஐயவினாவாக மாற்றுங்கள். பீடி சுற்றும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. கடையில் சில பீடிகளைக் கழிக்கும்போது “ஏன் கழிச்சீங்க?” என்றால் வாக்குவாதம்தான். “இலை சரியில்லையா, சுத்து லூசா இருக்கா?” என்று கேட்கிற உம்மாவுக்கு அங்கேயே பதில் கிடைக்கும், மறுநாள் கழிவும் குறையும். அலுவலகத்தில் அதையே இப்படிக் கேட்கலாம்: “தேதியை முன்னால் கொண்டுவந்தது கிளையன்ட் கேட்டதாலா, வேறு வேலை வருவதாலா?” காரணத்தை நீங்களும் யோசித்திருக்கிறீர்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும். பதில் சொல்பவருக்கும் கூச்சம் இருக்காது. கேட்காமல் விட்டுவிடுவது மட்டும் கூடாது. காரணம் தெரியாமல் செய்த வேலையை இரண்டாம் தடவை செய்ய வேண்டிவரும்.

கேட்கும் முன்பே காரணத்தைச் சொல்லிவிடுவது இன்னும் நல்லது. உளவியலாளர் எலன் லாங்கரும் கூட்டாளிகளும் நியூயார்க்கில் நடத்தி 1978இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. ஜெராக்ஸ் எடுக்க நிற்பவரிடம், ஐந்து பக்கம்தான், முதலில் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது 60 சதவீதம் பேர் விட்டுக்கொடுத்தார்கள். அவசரம் என்று காரணம் சேர்த்தபோது 94 சதவீதம் பேர். பக்கம் இருபது என்றபோது ஒப்புக்குச் சொன்ன காரணம் எடுபடவில்லை. விடுப்புக் கடிதமானாலும் சம்பள உயர்வு கேட்பதானாலும் இதை நினைவில் வையுங்கள்: கேட்பது பெரிதானால் காரணமும் மெய்யானதாக இருக்க வேண்டும்.

இலக்கணத்தில் இரண்டே திருத்தம். ஒன்று, ‘ஒய் பிகாஸ்’. நம் ‘ஏனென்றால்’ ஆங்கிலத்துக்குள் புகுந்து செய்த வேலை இது. ‘ஏன்’ என்பதையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. ‘பிகாஸ்’ மட்டும் போதும். நேர்முகத் தேர்வுக்கு முன் ஒன்றே ஒன்றைத்தான் மாற்ற முடியும் என்றால் இதை மாற்றுங்கள் என்பேன். இரண்டாவது, கேள்வியை வாக்கியத்துக்குள் வைக்கும்போது சொல்வரிசை திரும்பக் கூடாது. “ஐ டோன்ட் நோ ஒய் இஸ் இட் லேட்” தவறு. “ஒய் இட் இஸ் லேட்” சரி.

கடைசியாக அறிவினா, அதாவது விடை தெரிந்தே கேட்பது. நேர்முகத் தேர்வின் ‘ஒய்’ இந்த வகை. “ஒய் இஸ் தேர் எ கேப்?” என்று கேட்பவர் கையில் உங்கள் பயோடேட்டா இருக்கிறது, இடைவெளி அவருக்குத் தெரியும். நீங்கள் அதைப் பற்றி எப்படிப் பேசுகிறீர்கள் என்றுதான் பார்க்கிறார். வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களும், கல்யாணம் குழந்தை என்று இரண்டு மூன்று வருடம் வீட்டிலிருந்த பெண்களும் இதற்கு அஞ்சுகிறார்கள். அஞ்ச வேண்டியதில்லை. எதனால் என்று ஒரு வாக்கியம், அந்தக் காலத்தில் என்ன செய்தீர்கள் என்று ஒரு வாக்கியம். “வாப்பாவுக்கு உடம்பு சரியில்லாததால் ஊரிலேயே இருந்தேன். அந்த ஒரு வருடம் கடைக் கணக்கை நான்தான் பார்த்தேன், டாலியில் பதிவும் ஜிஎஸ்டி ரிட்டர்னும் செய்தேன்.” அதோடு நிறுத்திவிடுங்கள். அடுத்த கேள்வி டாலியைப் பற்றி வரும்.