பெயர் கேட்காத படம்

நுழையும்முன்

உங்கள் வீட்டில் பழைய ஒளிப்படம் ஒன்றேனும் இருக்கும். அதைத் திருப்பிப் பாருங்கள். படத்தில் உள்ளோர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்னும் குறிப்பு பின்புறத்தில் உள்ளதா? என் பாட்டி இளமையில் எடுத்துக்கொண்ட படம் ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. அவர் அருகில் கைகோத்து நிற்கும் பெண் யாரென்று சொல்ல இன்று எவரும் இல்லை. உலகமே அறிந்த ஒரு முகத்திற்கும் நாற்பத்திரண்டு ஆண்டுகள் இந்நிலையே இருந்தது. அம்முகத்தையும் அதைப் படம்பிடித்த கலைஞரையும் பற்றியது இப்பாடம்.

பாடம்

டோரத்தியா லாங் 1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ செர்சி மாநிலத்தில் பிறந்தார். ஏழு வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியதால் வாழ்நாள் முழுவதும் வலக்காலைச் சாய்த்தே நடந்தார். அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது தந்தை குடும்பத்தை விட்டுப் பிரிந்தார். பள்ளிப்படிப்பு முடிந்ததும், அதுவரை ஒரு கேமராகூடச் சொந்தமாக இல்லாத அப்பெண், தாம் ஒளிப்படக் கலைஞர் ஆகப்போவதாக வீட்டில் அறிவித்தார்! 1919இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் சொந்தமாகப் படநிலையம் தொடங்கினார். செல்வர் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் அங்கு வந்து படமெடுத்துக்கொண்டனர். தொழில் செழித்தது.

1929இல் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது. வங்கிகள் மூடப்பட்டன, ஆலைகள் நின்றன. 1933இல் உழைக்கும் மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. லாங்கின் படநிலையச் சாளரத்திற்குக் கீழே, வேலையற்றோர் போக்கிடம் தெரியாமல் தெருவில் நின்றனர். உள்ளே பட்டாடை உடுத்தியவரின் முகத்தில் ஒளி சரியாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும், வெளியே இக்காட்சி. ஒருநாள் அவர் கேமராவை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். செல்வப் பெண்மணி ஒருவர் நடத்திய கஞ்சித்தொட்டியின் முன் கூட்டம் நின்றிருந்தது. எல்லாரும் உணவு தரும் பக்கம் நோக்கி நிற்க, முதியவர் ஒருவர் மட்டும் திரும்பி, மரத்தடுப்பில் கைகளை ஊன்றி, தகரக் குவளையை அணைத்தபடி தலைகுனிந்து நின்றார். லாங் அவரைப் படமெடுத்தார். அப்படத்தில் அவருடைய கண்கள் தெரிவதில்லை; தொப்பியின் விளிம்பு மறைக்கிறது. ஆயினும் அவர் மனநிலை நமக்குத் தெரிகிறது.

இதே காலத்தில் நாட்டின் நடுப்பகுதியில் மழை பொய்த்தது. புல்வெளிகளை அளவுக்கு மீறி உழுதிருந்ததால் பிடிமானம் இழந்த மேல்மண் புழுதிப் புயலாக எழுந்து வயல்களையும் வீடுகளையும் மூடியது. டிராக்டர் வந்ததால் வாரத்திற்கு உழுதவர்கள் நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டனர். பாயும் பாத்திரமும் பழைய காரின் மேல் கட்டப்பட, இலட்சக்கணக்கானோர் மேற்கே கலிபோர்னியாவிற்குப் புறப்பட்டனர். அங்கே அவர்களுக்கு ஒரு பெயர் காத்திருந்தது. ஓக்லகோமா மாநிலத்தவரைக் குறித்த ‘ஓக்கி’ என்னும் ஏளனச் சொல்லால், எந்த மாநிலத்திலிருந்து வந்தவரையும் உள்ளூரார் அழைத்தனர். மதுரையா, நாகர்கோவிலா என்று கேளாமல் நம்மவர் அனைவரையும் ஒரே சொல்லால் வடபுலத்தார் அழைத்த காலம் உங்கள் தாத்தாக்களுக்கு நினைவிருக்கலாம்.

1935இல் லாங் அரசுப் பணியில் சேர்ந்தார். உழவர் மறுவாழ்விற்கென அமைக்கப்பட்ட துறை அது. மக்களின் நிலையைப் படம்பிடித்துக் காட்டினால்தான் உதவித் திட்டங்களுக்கு நாட்டின் ஆதரவு கிடைக்கும் என்று அத்துறை கருதியது. அவ்வாண்டே பொருளியல் பேராசிரியரான பால் டெய்லரை லாங் மணந்தார். இருவரும் சேர்ந்தே ஊர் ஊராகச் சென்றனர். டெய்லர் கூலி எவ்வளவு, எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டு எழுதுவார். லாங் படமெடுப்பார், மக்கள் சொன்னதைச் சொன்னபடியே குறித்துக்கொள்வார்.

அவர் ஒளிந்து நின்று படமெடுத்தவர் அல்லர். பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு, காலைச் சாய்த்து மெல்ல நடந்துவருவார். தரையில் அமர்வார். குழந்தைகள் அழுக்குக் கைகளால் கேமராவைத் தொட்டுப் பார்க்கவும், கண்ணாடி வில்லையில் விரல் பதிக்கவும் விடுவார். கூடாரத்தின் முன் துணி துவைக்கும் பெண், தலைக்கு மேல் கை வைத்து வெயிலை மறைக்கும் உழவர், பருத்திப் பையை இழுத்துச் செல்லும் சிறுவர் என அன்றாட வாழ்வே அவர் படங்களில் உள்ளது. கைகளையும் கால்களையும் மட்டுமே எடுத்த படங்களும் உண்டு. என்னைக் கேட்டால், அவற்றைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

1936 மார்ச் மாதம். ஒரு மாத வெளிப்பணியை முடித்துவிட்டு லாங் தனியே காரோட்டி வீடு திரும்பிக்கொண்டிருந்தார். மழை பெய்தது, களைப்பு மிகுந்திருந்தது. நிப்போமோ என்னும் ஊரருகே ‘பட்டாணி பறிப்போர் முகாம்’ என எழுதிய பலகை ஒன்று சாலையோரம் தெரிந்தது. எடுத்த படங்களே போதும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு கடந்து சென்றார். மனம் ஒப்பவில்லை. இருபது மைல் சென்றபின் வண்டியைத் திருப்பினார்.

உறைபனியில் பட்டாணிப் பயிர் கருகிவிட்டதால் அம்முகாமில் எவருக்கும் வேலை இல்லை. கிழிந்த கூடாரத்தின்கீழ் ஒரு தாய் குழந்தைகளோடு அமர்ந்திருந்தார். லாங் சில படங்களே எடுத்தார். ஒவ்வொன்றிலும் இன்னும் சற்று நெருங்கினார். கடைசிப் படத்தில் இரு குழந்தைகள் முகத்தைத் திருப்பித் தாயின் தோளில் சாய்ந்துள்ளனர், மடியில் கைக்குழந்தை, தாயின் விரல்கள் கன்னத்தைத் தொட்டபடி இருக்க, பார்வை தொலைவில் உள்ளது. பத்து நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. வயது முப்பத்திரண்டு என்று அத்தாய் சொன்னார். அவர் பெயரையும் கதையையும் தாம் கேட்கவில்லை என்று லாங்கே பிற்காலத்தில் எழுதினார்.

சில நாள்களில் சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்றில் அப்படங்கள் வெளிவந்தன. முகாமிற்கு இருபதாயிரம் பவுண்டு, அதாவது ஏறத்தாழ ஒன்பதாயிரம் கிலோ, உணவுப்பொருளை அரசு அனுப்பியது. உணவு வந்துசேர்ந்தபோது அத்தாயும் குழந்தைகளும் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தனர்.

கடைசிப் படம் ‘புலம்பெயர்ந்த தாய்’ என்று பெயர் பெற்றது. நாளிதழ்களிலும் நூல்களிலும் மீண்டும் மீண்டும் அச்சாயிற்று. அரசுப் பணத்தில் எடுத்த படமாதலால் எவரும் கட்டணமின்றி அச்சிடலாம். லாங்கிற்கும் அதனால் தனி வருவாய் இல்லை. ஆனால் புகழ் கிடைத்தது. அத்தாய் கலிபோர்னியாவில் பருத்தி பறித்தும் கிடைத்த பிற வேலைகளைச் செய்தும் பிள்ளைகளை வளர்த்தார்.

1978இல்தான் உள்ளூர் நாளிதழ் ஒன்றின் வழியாக அவர் யாரென்று உலகம் அறிந்தது. அவர் பெயர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன். செரோக்கி என்னும் அமெரிக்கத் தொல்குடியைச் சேர்ந்தவர், ஓக்லகோமாவில் பிறந்தவர். புழுதிப் புயலுக்கு அஞ்சி ஓடிவந்தவர் அல்லர். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கலிபோர்னியாவிற்கு வந்துவிட்டார். 1931இல் கணவர் காசநோயால் இறந்தார். அன்று கார் பழுதானதாலேயே அம்முகாமருகே தங்க நேர்ந்தது. உணவு வாங்குவதற்காகக் காரின் டயர்களை அக்குடும்பம் விற்றுவிட்டதாக லாங் எழுதியிருந்தார். விற்பதற்கு எங்களிடம் வேறு டயர் ஏது, இருந்தவை காரிலேயே இருந்தன என்று மகன் மறுத்தார். வேறொரு குடும்பத்தின் செய்தியோடு லாங் குழப்பிக்கொண்டிருக்கலாம். பெயரை எழுதியிருந்தால் இக்குழப்பம் நேர்ந்திராது.

அப்படத்தை எடுக்காமலேயே இருந்திருக்கலாம் என்றும், தம் பெயரைக்கூடக் கேட்கவில்லை என்றும், அதனால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்றும் புளோரன்ஸ் மனம் வருந்திக் கூறினார். வறுமையின் முகமாகவே தாம் அறியப்படுவது அவருக்குப் பிடிக்கவில்லை. லாங் 1965இலேயே மறைந்துவிட்டதால் மறுமொழி சொல்ல அவர் இல்லை.

இவ்விடத்தில் வகுப்பில் எப்போதும் வாதம் எழும். பல குடும்பங்களுக்கு உணவு கிடைக்கச் செய்த படம் அல்லவா என்பர் சிலர். கிடைத்தது உண்மை. புளோரன்சுக்குக் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்துவிட முடியாது.

1942இல் வேறொரு பணி லாங்கைத் தேடி வந்தது. போர்க்காலத்தில் சப்பானிய வழியினரான ஏறத்தாழ 1,20,000 பேரை அரசு வீடுகளைவிட்டு வெளியேற்றி முகாம்களில் அடைத்தது. அதைப் படமெடுக்க அரசே லாங்கை அமர்த்தியது. புறப்படக் காத்திருக்கும் குழந்தைகளின் சட்டைகளில் குடும்ப எண் எழுதிய அட்டைகள் தொங்குவதை அப்படங்களில் காணலாம். இராணுவம் அவற்றுள் பெரும்பாலானவற்றைப் போர் முடியும்வரை வெளியிடாமல் வைத்திருந்தது.

1983இல் புளோரன்ஸ் நோயுற்றார். மருத்துவச் செலவிற்குப் பிள்ளைகள் உதவி வேண்டியபோது, படத்தை நினைவில் வைத்திருந்த மக்கள் நாடெங்கிலுமிருந்து பணமும் மடல்களும் அனுப்பினர். அம்மடல்களைப் படித்த பின்னரே, தம் தாயின் படம் பிறருக்கு என்னவாக இருந்தது என்று பிள்ளைகள் உணர்ந்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் புளோரன்ஸ் மறைந்தார். அவர் கல்லறையில் பெயரோடு ‘புலம்பெயர்ந்த தாய்’ என்னும் தொடரும் பொறிக்கப்பட்டுள்ளது.

சொல்லும் பொருளும்

படநிலையம் – ஸ்டுடியோ
வாரம் – விளைச்சலில் பங்கு தரும் குத்தகை முறை
கஞ்சித்தொட்டி – ஏழைகளுக்கு இலவசமாகக் கஞ்சி வழங்கும் இடம்
ஒப்பவில்லை – இசையவில்லை

கற்பவை கற்றபின்

1. லாங் இருபது மைல் சென்றபின் வண்டியைத் திருப்பியது ஏன்? உங்கள் சொற்களில் எழுதுக.

2. ‘பெயரைக் கேட்காதது பிழையே’, ‘அன்றைய நிலையில் அது பிழையன்று’ – இரண்டில் ஒன்றை ஏற்று வகுப்பில் பேசுக. பேசியபின் எதிர்த்தரப்பையும் ஏற்றுப் பேசுக.

3. புளோரன்சிடமிருந்து லாங்கிற்கு ஒரு மடல் எழுதுக. (பத்து வரிகள்)

4. உங்கள் குடியிருப்பில் நாள்தோறும் காணும் ஒருவரிடம் – காவலர், இஸ்திரி போடுபவர், காய்கறி வண்டிக்காரர் – படமெடுக்க இசைவு கேளுங்கள். இசைந்தால் மட்டும் எடுங்கள். பெயர், சொந்த ஊர், தாய்மொழி ஆகியவற்றை அவர் சொன்னபடியே எழுதி, அவருக்குப் படித்துக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். படத்தின் ஒரு படியை அவரிடம் கொடுத்துவிட்டு மற்றொன்றை வகுப்பிற்குக் கொண்டுவருக.