முதல் தீம் பார்க் பயணம்: எந்த வயதில்?

"டாக்டர், பாப்பாவுக்கு மூணு வயசு. லீவுக்கு மதுரை 'அதிசயம்' கூட்டிட்டுப் போகலாமா?" மே மாதம் பிறந்தால் எங்கள் வ. புதுப்பட்டிப் பக்கத் தாய்மார்கள் கேட்பது இது.

போகலாம். ஆனால் காசுக்கும் கேடு, உடம்புக்கும் கேடு. பெரிய ராட்டினங்களில் உயரத்தை அளந்துதான் ஏற்றுவார்கள். கொச்சி வண்டர்லாவில் (2000-ல் வீகாலேண்டாகத் தொடங்கியது) டிக்கெட்டே உயரக் கணக்குதான். மூன்று வயதுப் பிள்ளை பெரும்பாலும் வேடிக்கைதான் பார்க்கும். வெயிலில் சின்ன உடம்பு சீக்கிரம் சூடேறும், நீர்ச்சத்து வற்றும். குளத்துத் தண்ணீரை விழுங்கிவிட்டு வயிற்றுப்போக்கோடு திரும்புவதும் உண்டு.

என் கணக்கு ஆறு, ஏழு வயது. தாகம், பயம், ஒன்னுக்கு எல்லாவற்றையும் பிள்ளைக்கு வாய்விட்டுச் சொல்லத் தெரியவேண்டும். ஒரு சங்கடம், பயண வாந்தி அதிகம் வருவதும் இந்த வயதிலிருந்து பன்னிரண்டு வரைதான். புறப்படும்போது வயிறு முட்டப் பூரி வேண்டாம், இரண்டு இட்லி போதும். பஸ்ஸில் புத்தகம், செல்போன் கொடுக்காமல் தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். இஞ்சிச் சாறில் தேன் கலந்து ஒரு சிட்டிகை நாக்கில் தடவலாம். வலிப்பு, இருதயக் கோளாறு உள்ள பிள்ளைகளை டாக்டரைக் கேட்காமல் ராட்டினத்தில் ஏற்றவே கூடாது.

இன்னும் சந்தேகமா? முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் திருவிழாவுக்குக் கூட்டிப் போங்கள். கூட்டத்தில் மிரளாமல் நடந்து, குட்டி ராட்டினத்தில் இறங்கியதும் "இன்னொரு தடவை" என்று கேட்கிறதா, மதுரைக்குப் பஸ் ஏறலாம்.