பாய் சுருட்டும் கயிறு

சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிச் செல்வோர், பூந்தமல்லியைக் கடந்த சிறிது தொலைவில், இடப்புறத்தே செம்பரம்பாக்கம் ஏரியைக் காண்பர். நிறைந்த காலத்தில் அதன் ஆழம் 24 அடி. அது கொள்ளும் நீர் 364 கோடி கன அடிக்கும் மேலாகும். மாலை வேளையில் அதன் கரைமீது நிற்பவர் முகத்திற் காற்று வந்து மோதும். காற்றைக் கண்ணாற் காண்பவர் எவருமிலர். நீர்ப்பரப்பில் எழும் சிற்றலைகளைக் கொண்டே அதன் போக்கை அறிகிறோம். ஏரியிற் சிற்றலை எழுப்பும் அதே காற்றுத்தான் பெருங்கடலில் பாய்மரக் கலங்களை உலகின் மறுகோடிவரை செலுத்துகிறது.

ஏரியின் சிறப்பு அதன் நீரில் மட்டும் அடங்கியதன்று. அதன் மதகுகளிலும் அடங்கியுள்ளது. 2015 டிசம்பர்த் திங்களின் தொடக்கத்திற் பெருமழை பெய்தது. ஏரி நிறைந்தது, உபரிநீர் அடையாற்றிற் சென்றது, ஆற்றங்கரையில் வாழ்ந்த மக்கள் பெருந்துன்பம் எய்தினர். இயற்கையின் ஆற்றல் அளவோடு இருப்பின் வாழ்விக்கும். அளவு கடந்தால் வருத்தும். ஆகவே, அதனை ஏற்கும் கருவியைப்போலவே, அதனை அடக்கும் கருவியும் இன்றியமையாதது. ஏரிநீருக்கு மதகு எப்படியோ, பாயில் வந்து மோதும் காற்றுக்கு அப்படிப்பட்டது ஒரு சிறு கயிறு. அதுவே முன்பாயைச் சுருட்டும் கயிறு.

பாய்மரப் படகின் முற்பகுதியை அணியம் என்றும், பிற்பகுதியை அமரம் என்றும் கடலோடிகள் வழங்குவர். பாய்மரத்துக்கு முன்னே அணியத்தை ஒட்டி விரிக்கப்படும் முக்கோணப் பாயே முன்பாய். மெல்லிய காற்றில் அது முழுவதும் விரிந்திருத்தல் வேண்டும். காற்று வலுக்க வலுக்க அதன் பரப்பைக் குறைத்தல் வேண்டும். புயலில் அதனை முற்றும் அடக்கிவிடல் வேண்டும். முற்காலத்தில் இதனைச் செய்வது அரிய செயலாக இருந்தது. மாலுமி அணியத்திற்கே சென்று, அலைகள் மேலே வந்து விழ, ஒரு கையாற் படகைப் பற்றிக்கொண்டு, மறுகையால் பாயை இறக்கிக் கட்டுவான். கால் தவறினால் கடல்தான் கதி.

இராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் இவ்வாறே உலகைச் சுற்றினார். அவர் ஏறிச்சென்ற சுஹைலி என்னும் படகு நம் நாட்டில், பம்பாயில், தேக்கு மரத்தாற் கட்டப்பட்டதாகும். 1968 ஜூன் 14 ஆம் நாள் இங்கிலாந்தின் பால்மவுத் துறைமுகத்திலிருந்து தனியே புறப்பட்ட அவர், எங்கும் தங்காமல் 312 நாள்கள் கடலிலே கழித்து, 1969 ஏப்ரல் 22 ஆம் நாள் அத்துறைமுகத்தையே வந்தடைந்தார். துறைமுகம் எதிலும் தங்காது ஒருவரே உலகைச் சுற்றிவந்தது அதுவே முதன்முறை.

இன்று நெடும்பயணப் படகுகள் பலவற்றில் அந்த இடர் பெரிதும் நீங்கியுள்ளது. பாய்மரத்தின் உச்சியிலிருந்து அணியம்வரை இழுத்துக் கட்டப்பட்ட கம்பிவடத்தின்மேல் அலுமினியக் குழல் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அக்குழலின் பள்ளத்திற் பாயின் முன்விளிம்பு செருகப்படும். குழலின் அடியில் ஓர் உருளை உண்டு. அவ்வுருளையிற் கயிறு சுற்றப்பட்டு, படகின் ஓரமாகக் கப்பிகளின் வழியே அமரத்தின் பக்கம் வந்து சேரும். அங்கே அமர்ந்தபடியே மாலுமி அக்கயிற்றை இழுத்தால் உருளை சுழலும். அதனோடு குழலும் சுழலும். பாய், பாய்முடைவோன் சுருட்டும் கோரைப்பாய் போலச் சுருண்டு கொள்ளும். பாயை மீண்டும் விரிக்க வேண்டின், அதன் பின்மூலையிற் கட்டிய தாமான் என்னும் கயிற்றை இழுத்தால் போதும். பாய் விரியும்போது, சுருட்டும் கயிறு தானே உருளையில் ஏறிச் சுற்றிக்கொள்ளும். ஒன்று அவிழ மற்றொன்று சுற்றுவதே இதன் இயக்கம்.

விரல் பருமனும் இல்லாத இக்கயிற்றின்மேல் எத்துணைப் பொறுப்பு உள்ளது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பலத்த காற்றில் பாய் பாதி சுருட்டப்பட்ட நிலையில் இருக்கிறது. அதனை விரியவிடாமல் தடுத்து நிற்பது இக்கயிறு ஒன்றே. அது அறுமாயின் பாய் நொடிப்பொழுதில் முழுவதும் விரிந்துவிடும். படகு ஒரு பக்கம் சாயும். பாய் படபடவென்று அடித்துக் கிழியும். எந்த இடத்திற்கு மாலுமி செல்லாதிருக்க வேண்டும் என்று இக்கருவி அமைக்கப்பட்டதோ, அந்த அணியத்திற்கே அவன் புயலின் நடுவிற் செல்ல நேரும்.

கயிறு ஒரே நாளில் அறுவதில்லை. கதிரவனின் வெயில் அதன் இழைகளை நலிவிக்கிறது. கடலுப்பு அதனை விறைக்கச் செய்கிறது. கப்பியும் உருளையின் விளிம்பும் ஒரே இடத்தில் உராய்ந்து உராய்ந்து மேலுறையைத் தேய்க்கின்றன. ஆகவே, அறிவுடைய மாலுமி துறைமுகத்தில் இருக்கும்போதே கயிற்றை விரலால் தடவிப் பார்ப்பான். மேலுறை பிசிறெழுந்து உள்ளிழை தோன்றுமாயின், அக்கயிற்றை நம்பிக் கடலிற் செல்லான்.

புதுக்கயிறு மாற்றும் முறை எளியது. ஆயினும் ஒழுங்கோடு செய்யத்தக்கது. முதலிற் காற்று அடங்கிய வேளையிற் பாயை முழுவதும் சுருட்டி, அது அவிழாவண்ணம் நாடாவால் இறுகக் கட்டுவர். பாய் சுருண்ட நிலையில் உருளையிற் கயிறு மிகக் குறைவாகவே எஞ்சியிருக்கும் ஆதலின், வேலை எளிதாகும். பழைய கயிறு உருளையை எந்தப் பக்கமாகச் சுற்றியுள்ளது, எவ்வாறு முடியப்பட்டுள்ளது என்பவற்றைக் குறித்துக்கொள்வர். இதனை மறந்தால் பின்னர்ப் பாய் தலைகீழ்த் திசையிற் சுருளும்.

அடுத்து வருவதே இத்தொழிலின் நுட்பம். பழைய கயிற்றை உருவி எறிந்துவிட்டுப் புதியதை ஒவ்வொரு கப்பியிலும் கோக்க முயல்வது வீண் உழைப்பு. பாவாடையில் நாடா மாற்றும் தாய் என்ன செய்கிறாள்? பழைய நாடாவின் முனையிற் புதியதைத் தைத்து, பழையதை இழுக்கிறாள். புதியது தானே உள்ளே நுழைந்துவிடுகிறது. மாலுமியும் அவ்வாறே செய்கிறான். அமரத்தின் பக்கமுள்ள பழைய முனையோடு புதுக்கயிற்றின் முனையை நேருக்கு நேராக வைத்து நூலால் தைக்கிறான். முடிச்சிட்டால் கப்பியிற் சிக்கும். பின் அணியத்தில் நின்று பழைய கயிற்றை மெல்ல இழுக்க, புதியது கப்பிகள் யாவற்றையும் கடந்து வந்து சேர்கிறது. தேய்ந்த கயிறு தன் இறுதிப் பணியாகத் தன் வழித்தோன்றலுக்கு வழிகாட்டிவிட்டு ஓய்வு பெறுகிறது.

பின்பு பழையதை அகற்றி, புதிய முனையை உருளையின் துளையிற் செலுத்தி, நழுவாத முடிச்சிட்டு இறுக்குவர். தாமான்களைக் கழற்றிவிட்டு, கட்டிய பாயோடு குழலைக் கையால் மூன்று நான்கு முறை சுழற்றி, உருளையில் இருப்புக் கயிறு ஏற்றுவர். புயற்காற்றிற் பாய் வழக்கத்தினும் இறுகச் சுருளும். அப்போது கூடுதற் சுற்றுக்கள் தேவைப்படும். இருப்பு இல்லையேல் பாயின் மூலை சுருளாமல் வெளியே நின்றுவிடும்.

இறுதியாகத் தாமான்களை மீண்டும் பூட்டி, நாடாவை அவிழ்த்து, பாயை மெல்ல விரிப்பர். அவ்வேளையில் ஒருவர் சுருட்டும் கயிற்றைத் தளரவிடாமற் சிறிது பிடித்தவாறே விடுதல் வேண்டும். தளரவிட்டால் சுற்றுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அழுந்தி, வேண்டும்போது கயிறு வாராது. கிணற்று இராட்டினத்திற் கயிறு சிக்கிக்கொள்ளக் கண்டவர் இதனை எளிதில் உணர்வர். கயிறு உருளையின் நடுப்பகுதிக்கு நேராகச் செங்கோணத்தில் வந்து சேர்கிறதா என்பதையும் நோக்குவர். பின்னர்ப் பாயை மீண்டும் ஒருமுறை முழுவதும் சுருட்டிப் பார்த்து, உருளையில் இருப்புக் கயிறு உள்ளதென்று கண்ட பின்னரே வேலை முடிந்ததாகக் கொள்வர்.

இத்தகைய சிறு கவனங்களின்மேல்தான் பெரும்பயணங்கள் நிகழ்கின்றன. 2024 அக்டோபர் 2 ஆம் நாள் இந்தியக் கடற்படையின் தாரிணி என்னும் பாய்மரப் படகு கோவாவிலிருந்து புறப்பட்டது. அதில் இருந்தவர் இருவரே: புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி ஒருவர், கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா மற்றவர். இருவரும் கடற்படை அதிகாரிகள். 55 அடி நீளமுள்ள அப்படகு கோவாவிலேயே கட்டப்பட்டது. பசிபிக் பெருங்கடலில் நீமோ முனை என்று பெயர்பெற்ற இடத்தையும் அவர்கள் கடந்தனர். அங்கிருந்து மிக அண்மையிலுள்ள நிலமும் ஏறத்தாழ 2,688 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. அங்கே கயிறு அறுந்தால் வாங்குவதற்குக் கடையில்லை. அழைத்தால் உடனே வருவாரும் இல்லை. தம் கையே தமக்குத் துணை. கொடிய கடல் என்று மாலுமிகள் அஞ்சும் ஹார்ன் முனையையும் சுற்றி, 2025 மே 29 ஆம் நாள் அவர்கள் கோவாவுக்குத் திரும்பினர்.

இதே தாரிணி, 2017–18 ஆம் ஆண்டுகளில் ஆறு பெண் அதிகாரிகளைச் சுமந்து உலகைச் சுற்றியபோது, திரும்பும் வழியில் அதன் சுக்கானைத் திருப்பும் கருவி பழுதுற்றது. அதனால் மொரீசியசுத் தீவில் தங்கிச் செப்பனிட்ட பின்னரே பயணத்தைத் தொடர நேர்ந்தது. எத்துணை விழிப்போடு இருப்பினும் பழுது நேரக்கூடும். எனினும், தடுக்கத்தக்க பழுதை முன்னரே தடுத்து வைத்தவனுக்கே தடுக்கவியலாத பழுதை எதிர்கொள்ள வலிமை எஞ்சியிருக்கும்.

செம்பரம்பாக்கத்தின் மதகுகளை வடகிழக்குப் பருவமழை தொடங்கியபின் பழுதுபார்ப்பதிற் பயனில்லை. வெயிற்காலத்திலேயே அவற்றைத் திறந்து மூடிப் பார்த்து எண்ணெயிடுதல் வேண்டும். அதுபோலவே, கயிற்றைப் புயலில் மாற்ற இயலாது; அலையற்ற துறையிலேயே மாற்றுதல் வேண்டும். அறாத கயிற்றை எவரும் பாராட்டுவதில்லை. அதனை உரிய காலத்தில் மாற்றியவரையும் எவரும் அறிவதில்லை. ஆயினும், கடல்கடந்து சென்றவர் நலமே கரை சேர்ந்தனர் என்னும் செய்தியில், அவ்வறியப்படாத உழைப்பும் அடங்கியிருக்கிறது.