பள்ளிவாசல் விளக்கும் அதன் எழுத்தும்

மம்லூக் சுல்தான்கள் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் எகிப்திலும் சிரியாவிலும் எழுப்பிய பள்ளிவாசல்களுக்கு, ஊதுகுழலால் ஊதிச் செய்த கண்ணாடி விளக்குகளை வழங்கினர். பலவற்றின் கழுத்தில் திருமறையின் ஒளி வசனம் (24:35) எனாமலால் எழுதப்பட்டுள்ளது. இறையொளிக்குக் கண்ணாடிக்குள் ஒளிரும் விளக்கை உவமை கூறும் அவ்வசனத்துக்கு இதனினும் பொருந்திய இடம் உண்டோ!

இவற்றைப் போன்றே விளக்குகள் செய்து 1867ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் வைத்தார் புரோகார் என்னும் பிரெஞ்சுக் கலைஞர். பலவற்றில் தம் பெயரையும் பொறித்தார். ஆதலின் அவரை நாம் குறைகூறோம். பெயரில்லாப் போலிகளே மயக்குவன.

அடியில் இரும்புக்கோல் ஒட்டிய வடுவைக் கண்டதுமே பழையது என்று விலை பேசுவோர் உளர். புதியதும் ஊதிச் செய்ததாயின் அவ்வடு அதிலும் இருக்கக்கூடும். அது கைவேலைக்குச் சான்று, காலத்துக்கு அன்று. குமிழிகளும் பழுப்புச் சாயலும் பழங்கண்ணாடியில் மிகுதி என்பதும் ஓரளவே துணை செய்யும்.

எழுத்தைப் படித்தல் வேண்டும். பழைய விளக்குகள் பலவற்றில், வழங்கிய சுல்தான் அல்லது அமீரின் பெயர் இருக்கும். அமீராயின் அவர்தம் பதவிச் சின்னமும் காணப்படுவதுண்டு. அரபு அறியாத கை, எழுத்தைக் கோலமாகக் கருதி வரைவதால் சொல் சிதைந்துவிடும். அவ்வசனத்தை மனனம் செய்த மதரஸா மாணவன்கூட இச்சிதைவைக் கண்டுகொள்வான்.